கடற்கரைக்கு ஓடு

அந்த வீட்டில் இரண்டு பூகம்பங்கள் குடியிருந்தன. ஒன்று புருஷனுடையது, மற்றது பெண்டாட்டியுடையது. முப்பத்தைந்து வருஷமாக இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு காலம் தள்ளின.

புருஷன் சுனேகிச்சியின் பூகம்பம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம் முதல் தேதி வந்தது. அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. ஜப்பானின் மேற்குக் கரையில் இருக்கும் இவாஷிதா ஊர் அன்றும் இன்று போலத்தான். முன்னால் கடல், முதுகில் மலை, நடுவில் ஒரே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். மலை பெயர்ந்து வீடுகளின் மேல் உட்கார்ந்தது. கடற்கரையில் இருந்தவன் பிழைத்தான், வீட்டில் இருந்தவன் மண்ணோடு போனான். அன்றிலிருந்து அந்த ஊரில் தாய்ப்பாலோடு சேர்த்து ஒரு வாசகத்தையும் ஊட்டினார்கள்: பூமி ஆடினால் கடற்கரைக்கு ஓடு.

மிசாவோவின் பூகம்பம் நாட்டின் அந்தப் பக்கம், பசிபிக் கரையில், முப்பத்து மூன்றாம் வருஷம் மார்ச் குளிரில் வந்தது. அவளுக்கு எட்டு வயது. ஆட்டம் நின்றதும் ஊர்க்காரர்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. குளிர்காலத்தில் வானம் தெளிந்திருந்தால் கடல் எழும்பாது என்பது அந்த ஊர் வாசகம். அப்பாவும் இரண்டு அண்ணன்களும் கைகளைத் தேய்த்துக்கொண்டு மறுபடி போர்வைக்குள் நுழைந்தார்கள். அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. சின்னவளை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். அரை மணி நேரத்தில் ஊர் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது.

அந்தப் பக்கத்து இரும்புச் சுரங்கத்தில் மண் சுமக்கப் போன இடத்தில் சுனேகிச்சி மிசாவோவைப் பார்த்தான். அவளும் அங்கே மண் சுமந்தாள். கல்யாணம் முடித்து இவாஷிதாவுக்கு வந்த முதல் நாளே அவள் கேட்ட கேள்வி, "ஆடினா எந்தப் பக்கமா ஏறணும்?" மாமியார் சிரித்துவிட்டாள். "ஏறுறதா? இறங்கணும்டி பெண்ணே."

அன்று ஆரம்பித்த சண்டை. அவன் சொல்வான், "இந்தப் பக்கத்துக் கடல் அப்படிப்பட்டது இல்ல. உங்க ஊர்க் கடல்தான் ரவுடி." அவள் சொல்வாள், "கடல்ல நல்ல கடல் கெட்ட கடல்னு இருக்கா? ஒரே உப்புதான்." சோறு ஆறிப்போகும், சண்டை ஆறாது.

அறுபத்து நான்காம் வருஷம் ஒரு பூகம்பம் வந்தது. தெற்கே நீகாட்டா பக்கம்தான் பெரிய அடி, இங்கே ஒரு குலுக்கு. மிசாவோ சோற்றுப் பானையை முதுகில் கட்டிக்கொண்டு, "கடல் வருது, கடல் வருது!" என்று கத்தியபடி மலைப்படியில் ஏறி, அன்று முழுவதும் இறங்கவில்லை. கடலும் வந்தது, இல்லாமல் இல்லை. கணுக்கால் அளவுக்கு வந்து, படகுக் கயிறுகளை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. சுனேகிச்சியின் கூட்டாளி கானேமாட்சு அன்று வைத்த பேர் 'கடல் வருது அண்ணி'. பத்தொன்பது வருஷமாக அந்தப் பேர் அழியவில்லை. கடையில், குளியல் கூடத்தில், சாவு வீட்டில்கூட. "என்ன அண்ணி, இன்னைக்கு எத்தனை மணிக்கு வருது?"

அவளும் சிரித்துவைப்பாள். சிரிக்கச் சிரிக்க வாய் சிறுத்துப்போனது. கடலைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

சுனேகிச்சி ஊர்த் தலைவனாகிப் பதினோரு வருஷம். வருஷத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடத்துவான். எல்லாரும் அடுப்பை அணைக்க வேண்டும், கடற்கரையில் படகு ஏற்றும் சாய்தளத்துக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். அவன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேர் பேராகக் கூப்பிடுவான். ஒரு பேருக்குப் பதில் வராவிட்டாலும் யாரும் நகரக் கூடாது. இளவட்டமெல்லாம் பட்டணத்து வேலைக்குப் போய்விட்ட ஊர். பகலில் மிச்சமிருப்பது பதினெட்டுப் பேர். அந்தப் பதினெட்டையும் அவன் கோழிக்குஞ்சு மாதிரிக் காத்தான்.

அவன் எதனால் அப்படிக் காக்கிறான் என்பது மிசாவோவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான மூன்றாம் வருஷம், டோக்கியோவில் இருவரும் சாலை வேலைக்குப் போயிருந்தபோது, கூலிக்காரர் கொட்டகையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலில் பிதற்றினான். ஊருக்கு அவன் சொல்லியிருந்த கதை, மலை விழுந்தபோது தான் படகில் இருந்ததாக. அப்படி இல்லை. அவன் வீட்டில்தான் இருந்தான். ஆறு வயதுத் தங்கை நோபு அம்மை போட்டு உள்ளே படுத்திருந்தாள். ஆடியதும் அவன் வாசலைத் தாண்டி ஓடினான். அவள் "அண்ணா" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. விழுந்தும் ஓடினான்.

காய்ச்சல் விட்டதும், "நான் ஏதாச்சும் உளறினேனா?" என்று கேட்டான். "ஒண்ணும் இல்லீங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து அவன் தெரிந்துகொண்டான். அதற்குப் பிறகு எத்தனையோ சண்டை. தட்டு பறந்திருக்கிறது, மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு கல்லை மட்டும் அவள் கையில் எடுத்ததே இல்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் மே இருபத்தாறு, வியாழக்கிழமை. உச்சிப்பொழுது. கடல் எண்ணெய் தடவியது போலக் கிடந்தது.

மிசாவோ மலைமேல் இருந்த அடுக்கு வயலில் நின்றாள். ஊரிலிருந்து எழுபத்திரண்டு கல்படி ஏறினால் அந்த வயல். நடவு இயந்திரம் முந்தின நாள் வந்து நட்டுவிட்டுப் போயிருந்தது. இயந்திரத்துக்கு மூலை எட்டாது. மூலைகளைக் கையால்தான் நட வேண்டும். குனிந்து நாற்றைச் சொருகிக்கொண்டிருந்தவள், வயல் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்குவதைப் பார்த்தாள். தட்டிலிருக்கிற சாறு, தட்டைச் சாய்த்தால் ஒதுங்குமே, அப்படி. தலை சுற்றுகிறது என்று நினைத்தாள். அடுத்த மூச்சில் வரப்பு அவள் முழங்காலில் வந்து மோதியது.

நீண்ட ஆட்டம். நிற்கும் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. சேற்றில் நான்கு காலில் கிடந்தாள். மேலே மலையில் தேவதாரு மரங்கள் காற்றே இல்லாமல் பேயாடின. கீழே ஓடுகள் சரியும் சத்தம், யாரோ ஒரு பெண்ணின் கூச்சல், நாய்கள்.

நின்றதும் எழுந்து வரப்பு ஓரத்துக்கு ஓடிக் கீழே பார்த்தாள். ஒத்திகை அச்சு மாறாமல் நடந்துகொண்டிருந்தது. வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கானேமாட்சுவின் பெண்டாட்டி தாமியே கையில் அகப்பையோடு வந்தாள். எல்லார் காலும் ஒரே திசையில் போனது. கடலை நோக்கி. சுனேகிச்சி ஒலிபெருக்கியில், "அடுப்பு அணைச்சாச்சா? எரிவாயு மூடியாச்சா? வாங்க, வாங்க, சாய்தளத்துக்கு வாங்க" என்று கூவிக்கொண்டிருந்தான். பதற்றமே இல்லாத குரல். நாற்பத்து நான்கு வருஷமாக இந்த நாளுக்காகவே குரலைத் தீட்டி வைத்திருந்தவன் அவன்.

மிசாவோ படிக்கு ஓடினாள். நாற்பது படி இறங்கினாள். அங்கே கால் நின்றுவிட்டது. அவளுக்குள் இருந்த எட்டு வயதுக்காரி, இனி ஒரு படி இறங்கமாட்டேன் என்றாள்.

"என்னங்க! மேல வாங்க! எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல வாங்க!"

சுனேகிச்சி அண்ணாந்து பார்த்தான். "மிசாவோ! இறங்கு சீக்கிரம். பேர் கூப்பிடணும்."

"கடல் வரும்ங்க!"

கீழே ஒரு சிரிப்புக் கிளம்பியது. நடுங்கிப்போயிருந்த சனங்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டியிருந்தது. கானேமாட்சு இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினான்.

"நான் சொல்லல? அண்ணி இன்னும் வாயத் தொறக்கலையேன்னு இப்பதான் நினைச்சேன். அண்ணி, இந்தத் தடவ எவ்வளவு? கணுக்காலா, முழங்காலா? சொன்னா காலுறையக் கழட்டி வச்சிக்குவேன்!"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் தாமியே. "அவ மூஞ்சியப் பாருங்க."

"அவ மூஞ்சி எப்பவும் அப்படித்தான்."

மிசாவோ கடலைப் பார்த்தாள். மேலே நின்றதால் அவளுக்குத் தெரிந்தது, கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அலைத்தடுப்புச் சுவரின் அடியில் போட்ட கான்கிரீட் கட்டைகளில் இரண்டு வரிசைதான் எப்போதும் தெரியும். இப்போது மூன்றாவது வரிசை தெரிந்தது. பாசியும் சிப்பியும் அப்பிக்கிடந்த கறுப்பு வரிசை. முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அதைக் கண்டதில்லை.

"தண்ணி இறங்குதுங்க! சுவத்துக்கு அடியில பாருங்க!"

"வத்தம்டி."

"இந்தக் கடல்ல ஏதுங்க வத்தம்? சாண் அளவுகூட ஏறி இறங்காத கடல்!"

சுனேகிச்சி ஒரு கணம் தடுமாறினான். அதைத்தான் அவன் அவளிடம் ஆயிரம் முறை பீற்றிக்கொண்டிருக்கிறான், எங்க கடல் சாண் அளவுக்கு மேல் அசையாது என்று. ஆனால் பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆட்டத்துல தளும்புது, அவ்வளவுதான்" என்றான். "ரேடியோவக் கேளு, ஒண்ணும் சொல்லல."

யாரோ ஒருவர் கையில் ரேடியோ இருந்தது. எந்தெந்த ஊரில் எவ்வளவு ஆடியது என்று அது படித்துக்கொண்டிருந்தது. கடலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"மலைக்குக் கீழ நிக்காத" என்று சுனேகிச்சி கத்தினான். அந்தக் குரலில் உண்மையான பயம் இருந்தது. அவனுக்கு அவளைப் பற்றித்தான் பயம். "இன்னொரு ஆட்டம் வந்தா உன் தலைமேலதான் விழும். இறங்குடி! உன் ஒருத்தியாலதான் பட்டியல் நிக்குது."

நாலாவது வரிசை தெரிந்தது.

மிசாவோ கெஞ்சினாள். கும்பிட்டாள். "ஒரே ஒரு தடவ. என் பேச்ச ஒரே ஒரு தடவ கேளுங்க. கடல் வராட்டி நாளையிலேர்ந்து என்னை எப்படி வேணா கூப்பிடுங்க." கானேமாட்சு, "இதுக்கு மேல எப்படி அண்ணி கூப்பிடறது?" என்றான். மறுபடி சிரிப்பு. அதற்குள் அவன் தன் படகுப் பக்கம் நகர்ந்திருந்தான். தண்ணீர் இறங்கியதால் படகு சாய்ந்து கிடந்தது. "வாங்கடா, நாலு பேர் பிடிச்சா இழுத்துப் போட்டுடலாம்."

கெஞ்சி ஆகாது. அழுது ஆகாது. இந்த மனுஷனைக் கீழேயிருந்து மேலே தூக்க என்ன இருக்கிறது என்று அவள் மனசு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து தேடியது. கடைசிப் பெட்டியில் கை வைத்தது. வைத்ததும் சுட்டது.

"ஏய், சுனேகிச்சி!"

முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள்.

"ஊருக்கெல்லாம் தலைவன் மாதிரி அங்க நிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல? அன்னைக்கு நீ எந்தப் படகுல இருந்த? சொல்லு பாப்போம். மலை விழுந்தப்ப நீ எந்தப் படகுலடா இருந்த?"

அவன் கையிலிருந்த ஒலிபெருக்கி மெல்லத் தாழ்ந்தது.

"வீட்டுலதான இருந்த? உன் தங்கச்சி உள்ள அம்மையோட கிடந்தா. அண்ணான்னு கூப்பிட்டா. உனக்குக் காது கேட்டுச்சு. கேட்டும் ஓடின. ஆறு வயசுப் புள்ளைய மண்ணுக்குள்ள விட்டுட்டு ஓடின பய நீ! அந்த ஓட்டத்துக்கு ஒரு நியாயம் வேணும்னுதான ஊரையே கடற்கரைக்கு ஓட விடுற?"

 ரேடியோ மட்டும் பேசியது.

சுனேகிச்சியின் முகத்தில் ரத்தம் இல்லை. ஒலிபெருக்கியைப் பக்கத்தில் இருந்தவன் கையில் திணித்தான். படியை நோக்கி நடந்தான். நடை ஓட்டமாயிற்று.

"வா" என்றாள் மிசாவோ. "வாடா. வந்து அடி."

அவள் திரும்பாமல் பின்னோக்கியே ஒரு படி ஏறினாள். அவன் பத்துப் படி ஏறினால் அவள் ஐந்து படி ஏறினாள். வாய் மட்டும் நிற்கவில்லை. வாயை மூடினால் அவன் நின்றுவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. எதைச் சொன்னாள் என்று பிற்பாடு அவளுக்கு ஞாபகம் இல்லை. அவன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அந்தக் குழந்தைக்கு அவன் எழுப்பின நினைவுக் கல்லைப் பற்றிச் சொன்னாள். அது கல் இல்லை, உன் வாயடைப்பு என்றாள். ஒவ்வொரு சொல்லும் அவள் நாக்கையும் கிழித்துக்கொண்டுதான் வெளியே வந்தது.

"கொன்னுடுவான்!" என்று கீழே தாமியே அலறினாள். "யாராச்சும் பிடிங்க! அவளக் கொன்னுடுவான்!" அகப்பையை வீசிவிட்டு அவள்தான் முதலில் பின்னால் ஓடி வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இருவர். பிறகு ஐந்தாறு பேர். விலக்க வந்தவர்கள் சிலர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிலர். தலைவன் போகிற இடத்துக்குப் போய்ப் பழகின கால்கள் சில. கிழங்கள் மூச்சு வாங்க ஏறின. கானேமாட்சுவும் மற்ற மூன்று பேரும் மட்டும் படகைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார்கள்.

அறுபதாவது படியில் சுனேகிச்சி அவள் கழுத்துத் துணியைப் பிடித்தான். கை ஓங்கினான். அந்தக் கண்ணைப் பார்த்து மிசாவோ, அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும் என்று நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை. சத்தம்தான் வந்தது. சரளைக்கல் ஏற்றிய லாரிகள் நூறு, ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டுகிற சத்தம். சாலை வேலை செய்த இருவருக்கும் அந்தச் சத்தம் பழக்கம். கடலில்தான் அதைக் கேட்டதில்லை.

சுனேகிச்சி திரும்பிப் பார்த்தான். அலைத்தடுப்புச் சுவருக்கு அப்பால் கடல் நிமிர்ந்து நின்றது.

"ஓடி வாங்கடா!" ஒலிபெருக்கி இல்லாத வெறுந்தொண்டை. "விட்டுட்டு வாங்க! கானே! படக விடு! ஏறு!"

மூன்று பேர் படகைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கானேமாட்சு வரவில்லை. அவன் மட்டும் குனிந்து கையை உதறிக்கொண்டிருந்தான். படகு இழுக்கும்போது கயிற்றை முன்கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொள்வது அங்கே எல்லாருக்கும் பழக்கம். வழுக்காது, உள்ளங்கை எரியாது. சாய்ந்த படகு கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. சுற்று அவிழவில்லை.

சுனேகிச்சி கீழே பாய்ந்தான். மிசாவோ பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முழங்கையால் அவள் முகத்தில் இடித்தான், மூக்கில் ரத்தம் வந்தது, அவள் விடவில்லை. இருவரும் படியிலேயே விழுந்தார்கள். ஏறி வந்தவர்கள் அவர்களைத் தாண்டியும் மிதித்தும் ஏறினார்கள். கீழே கானேமாட்சு ஒரு முறை அண்ணாந்து பார்த்தான். ஏதோ சொன்னான். அது என்னவென்று மிசாவோவுக்குக் கேட்கவில்லை. பிறகு சாய்தளம் இல்லை. வீடுகள் பெட்டிகளைப் போலக் கிளம்பின. தண்ணீர் முப்பதாவது படிவரை ஏறி, ஒரு கதவையும் ஒரு மெத்தையையும் அங்கே வைத்துவிட்டு இறங்கியது.

வயல் மேட்டில் எல்லாரும் குவிந்தார்கள். அழுகிறவர்கள், இருமுகிறவர்கள். தாமியே கடலைப் பார்த்து நின்றாள், அவ்வளவுதான். வயலுக்கு மேலே, சரிவின் காலடியில், நாற்றங்கால் சாமான்கள் வைக்கும் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. எல்லாரும் அதை நோக்கி நகர்ந்தார்கள். சாய்ந்துகொள்ள ஒரு சுவர் வேண்டும் அல்லவா.

"அங்க போகாதீங்க!"

சுனேகிச்சிதான். அதுவரை சேற்றில் குத்துக்கால் வைத்துத் தலையைக் கவிழ்த்திருந்தவன் எழுந்து நின்றான். அவன் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேவதாரு மரங்களுக்குக் கீழே மண்ணில் மெல்லிய புதுக்கோடு ஒன்று ஓடியிருந்தது. வேர் அறுகிற சத்தம், துணி கிழிகிற மாதிரி, அவன் காதில் மட்டும் விழுந்தது. முப்பத்தொன்பதில் அவன் கேட்ட சத்தம்.

"கொட்டகைய விட்டு வெளிய வாங்க! வயலுக்குள்ள இறங்குங்க. நடுவுல. சரிவ விட்டுத் தள்ளி, நடு வயலுக்கு!"

யாரும் அசையவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவே அவர்களுக்கு ஒரு மாதிரி இருந்தது. மிசாவோதான் முதலில் வயலில் இறங்கினாள். காலையெல்லாம் அவள் நட்ட நாற்றை மிதித்துக்கொண்டு நடுவில் போய் நின்றாள். மூக்கு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "அவர் சொல்றதக் கேளுங்க. மலை அவருக்குத் தெரியும்" என்றாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

இரண்டாவது ஆட்டம் வந்தது. சரிவின் ஒரு துண்டு கழன்றது. கொட்டகை தகரச் சத்தத்தோடு மண்ணுக்குள் போயிற்று. மண் வயலின் முதல் வரப்பில் வந்து நின்றது. முழங்கால் சேற்றில் பதினேழு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார்கள்.

மணி மூன்று இருக்கும். கடல் இதுவரை மூன்று முறை வந்துபோயிருந்தது. மூன்றாவது முறை இருபதாவது படிகூட ஏறவில்லை. கீழே மரத்துண்டுகளும் வலையுமாய்ச் சேறு மின்னியது. வெயில் ஒன்றும் நடக்காதது போல அடித்தது.

"முடிஞ்சிடுச்சு" என்றான் கீழேயிருந்து தப்பி வந்தவர்களில் ஒருவன். "இறங்கித் தேடலாம். கானே எங்கயாச்சும் மரத்துல மாட்டியிருக்கலாம்."

தாமியே அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்த மாதிரி படியை நோக்கி நடந்தாள். இன்னும் இருவர் கிளம்பினார்கள். சுனேகிச்சியும் எழுந்தான். சின்ன வயதிலிருந்து அவனுக்கு இருந்த ஒரே கூட்டாளி கானே. இரண்டு அடி வைத்தவன் நின்றான். நண்பகலுக்குப் பிறகு முதல் முறையாகப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"உங்க ஊர்ல எத்தனை தடவ வந்துச்சு?"

"எண்ணலீங்க. விடிஞ்ச பிறகும் வந்துக்கிட்டே இருந்துச்சு. ரெண்டாவது வந்து போனதும், சாமான் எடுக்க இறங்கினவங்க…" அவள் முடிக்கவில்லை.

சுனேகிச்சி போய்ப் படியின் தலையில் குறுக்கே நின்றான். "யாரும் இறங்கக் கூடாது. இவ சொல்றவரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாது."

தாமியே அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினாள். "நீ யாரு சொல்றதுக்கு? தள்ளு. சொந்தத் தங்கச்சிய விட்டுட்டு ஓடினவன் நீ, என் புருஷனத் தேட வேணாம்னு சொல்றியா?"

"தாமியே" என்று மிசாவோ ஓடி வந்தாள். "அது பொய். அவர மேல வரவைக்கத்தான் சொன்னேன். வாயில வந்ததச் சொன்னேன். அவர் படகுலதான் இருந்தார்."

எல்லாரும் சுனேகிச்சியைப் பார்த்தார்கள். வெளியேற அவனுக்கு ஒரு கதவு திறந்திருந்தது. தலையை ஆட்டினால் போதும்.

"பொய் இல்ல" என்றான் அவன். "வீட்டுலதான் இருந்தேன். அவ ரெண்டு தடவ கூப்பிட்டா. இவளுக்கு ஒரு தடவதான் தெரியும். ரெண்டு தடவ." படியை விட்டு அவன் நகரவில்லை. "அதனாலதான் சொல்றேன், தாமியே. கானேவும் கூப்பிட்டான். எனக்குக் கேட்டுச்சு. போகணும்னுதான் எனக்கும் இருக்கு. போகக் கூடாது."

தாமியே அவன் சட்டையைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு கை தளர்ந்து கீழே விழுந்தது. மிசாவோ அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வரப்பில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடியை விடவில்லை.

பிறகு தாமியே பேசினாள். கோபமே இல்லாத குரல். சந்தையில் விலை கேட்கிற மாதிரி.

"என் வீட்டுக்காரரையும் அப்படி ஏதாச்சும் ஒண்ணு சொல்லித் திட்டியிருக்கக் கூடாதா, மிசாவோ? அவரும் ஏறி வந்திருப்பாரே. அவருக்கும் ரோஷம் உண்டு."

 "அவரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள் மிசாவோ. "பத்தொன்பது வருஷமா அவர் என்னைச் சிரிக்க வச்சது மட்டும்தான் தெரியும்."

"சிரிச்சியா நீ?"

"சில நேரம்."

படியின் தலையில் சுனேகிச்சி இன்னும் குறுக்கே நின்றுகொண்டிருந்தான். இறங்கத் துடித்தவன் அவனைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்தான், முணுமுணுத்தான், மறுபடி வந்து உட்கார்ந்தான். சுவருக்கு அடியில் கறுப்புக் கட்டைகளின் மூன்றாவது வரிசை மெல்ல வெளியே வந்தது.

"வருதுங்க" என்றாள் மிசாவோ.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் எழுந்து இன்னும் நாலு அடி பின்னுக்கு நகர்ந்தார்கள். தாமியேவும் எழுந்தாள்.